காந்திதாம் போகிறவர்கள்

சாலமோனுக்குக் காந்திதாமுக்கு மாற்றல் என்று தெருவுக்குத் தெரிந்த அன்று மாலையே வீட்டுக்காரி ஜானகியம்மாள் வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டுப் போனாள். வந்த காரியம் என்னவோ வேறுதான். "இவ்ளோ தூரம் போறீங்களேன்னு மனசே கேக்கலம்மா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான் வந்தாள். துடைத்த கையோடு ஃப்ரிட்ஜ் கதவை இழுத்து, உள்ளே தலையை விட்டு, "முட்டை எத்தினி வைக்கலாம் இதுல?" என்று கேட்டாள்.

"பன்னெண்டு வைக்கலாம்மா" என்றாள் சாராள்.

"நான் முட்டையே துன்றதில்ல. சும்மா கேட்டேன்."

மறுநாள் அடுத்த வீட்டு கமர் நிஷா வந்தாள். அவளுக்குத் துக்கம் கிரைண்டர் பக்கத்தில் வந்தது. "நீங்க போய்ட்டா எனக்கு யாருக்கா இருக்காங்க இங்க?" என்றபடியே கல்லைத் தூக்கி அடியில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தாள். எதிர்வீட்டிலிருந்து வந்தவர்கள் பீரோவில் சாய்ந்துகொண்டு வருந்தினார்கள். கட்டிலில் உட்கார்ந்து வருந்தியவர்கள், வருத்தத்தின் நடுவே ஒரு தடவை எழும்பி உட்கார்ந்து அது கிறீச்சிடுகிறதா என்று சோதித்தார்கள். ஒரு வாரத்துக்குள் அந்த வீட்டில் சாராள், சாலமோன், மகள் ஜெனிபர் மூன்று பேரையும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஆள் சொல்லியாகிவிட்டது.

சாலமோன் வேலை செய்தது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி மில்லில். பழுக்கக் காய்ச்சிய இரும்பை உருளைகளுக்கு நடுவே விட்டு நீளக் கம்பியாக இழுக்கிற இடம். பதினான்கு வருஷமாக அங்கே இருந்து ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆகியிருந்தான். அதே கம்பெனி குஜராத்தில், காந்திதாம் பக்கம், புது மில் கட்டியது. இங்கிருந்து நான்கு பேரை அனுப்பினால்தான் அங்கே உருளையே உருளும் என்று மேனேஜர் சொன்னாராம். அப்படிச் சொன்னதாகச் சாலமோன் சொன்னான். மார்ச் மாதம் பத்து நாள் போய் இடத்தைப் பார்த்துவிட்டும் வந்தான். வந்ததிலிருந்து அவனுடைய நடையே மாறிவிட்டது.

"அங்க இன்னா சார் பாஷை?" என்று டீக்கடையில் யாராவது கேட்டால் போதும்.

"இந்திதான். நமக்கு இன்னா? பதினாலு வருஷமா பீகார் பசங்களை மேய்க்கிறேன். நான் வாயத் தொறந்தா அவன் எழுந்து நிப்பான்" என்பான்.

அவனுக்குத் தெரிந்த இந்தி மூன்று சொல். ஜல்தி, பந்த், சாலு. அதாவது சீக்கிரம், நிறுத்து, ஓட்டு. கம்பி மில்லுக்கு அது போதும். அந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் மனைவிக்கும் மகளுக்கும் வகுப்பு எடுத்தான். சாராள் இட்லித் தட்டைக் கொண்டுவரச் சற்றுத் தாமதமானால் "ஜல்தி" என்பான். ஜெனிபர் டிவி பார்த்தால் "பந்த்" என்பான். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவன் குறட்டை விட ஆரம்பித்ததும் சாராள் காதருகே போய் "பந்த்" என்று கத்தினாள். அதோடு வகுப்பு நின்றது.

மே மாதம் இருபதாம் தேதி கிளம்புவதாக ஏற்பாடு. அங்கே கம்பெனி குவார்ட்டர்ஸ் கொடுக்கும், கட்டில் மேசை எல்லாம் இருக்கும், பெட்டியும் மூட்டையும் கொண்டுவந்தால் போதும் என்றார்கள். ஆகவே சாராள் பொருள்களை விநியோகம் செய்தாள். யாராவது அவளுடைய தாராள மனசைப் புகழ்ந்தால் தலையைக் குனிந்துகொள்வாள். குனிய வேண்டியதற்கு வேறு காரணமும் இருந்தது. ஃப்ரிட்ஜ் கதவு முழங்காலால் ஒரு இடி இடித்தால்தான் மூடும். பீரோவின் சாவியைத் திருப்பும்போது கைப்பிடியை மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட்டுக்காரனைத்தான் கூப்பிட வேண்டும். கிரைண்டர் நல்ல கிரைண்டர்தான், ஆனால் வெறுங்காலோடு தொட்டால் சுர்ரென்று இழுக்கும். சாராள் ஆறு வருஷமாக ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் மாவு அரைத்தாள். இதையெல்லாம் கொடுக்கும்போது சொல்ல மறந்துவிட்டாள். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகப் போகிறவளுக்கு மறதி வருவது சகஜம்.

வழியனுப்பு விழாக்கள் மூன்று நடந்தன. மில்லில் சால்வை போர்த்தி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். சர்ச்சில் பாஸ்டர் இம்மானுவேல் குடும்பத்தை முன்னால் நிற்கவைத்து அரைமணி நேரம் ஜெபம் பண்ணி, வசனம் எழுதிய சுவர்க் கடிகாரம் கொடுத்தார். தெருக்காரர்கள் கேசரி கிண்டி, மயில் படம் போட்ட சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். காந்திதாமில் நேரம் தெரியாமல் இவர்கள் கஷ்டப்படக்கூடாது என்று ஊரே கவலைப்பட்டது. சாலமோன் மூன்று இடத்திலும் பேசினான். மூன்று இடத்திலும் "எங்க போனாலும் கும்முடிப்பூண்டியை மறக்கமாட்டேன்" என்றபோது குரல் கம்மியது. சர்ச்சில் மட்டும் கண்ணீரும் வந்தது. அவன் இப்படி அழக்கூடியவன் என்று சாராளுக்கு அதுவரை தெரியாது.

பதினெட்டாம் தேதி பொருள்களெல்லாம் போயின. வீட்டில் இரண்டு பாய், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், மூன்று தகரப் பெட்டி, மூன்று கடிகாரம். பத்தொன்பதாம் தேதி மதியம் ஷிஃப்ட் முடிந்து வந்த சாலமோன் செருப்பைக் கழற்றாமலே நின்றான்.

"ஆர்டர் தள்ளிப் போயிருக்குது. பதினைஞ்சு நாளு."

"யாரு தள்ளுனது?"

"எனக்கு இன்னா தெரியும்? மேல இருந்து வந்துக்குது."

மூன்று விழா எடுத்து அனுப்பப்பட்ட குடும்பம் மறுநாளும் தெருக்குழாயில் குடத்தோடு நின்றது. முதல் நாள் எல்லோரும் பரிவோடு விசாரித்தார்கள். இரண்டாம் நாள் "இன்னா, இன்னும் போலியா?" என்றார்கள். நான்காம் நாள் கேள்வி கேட்கவில்லை. பார்வையிலேயே கேசரிக்கு நெய் விட்ட கணக்கு தெரிந்தது. சாலமோன் டீக்கடை வழியாகப் போவதை விட்டுவிட்டு, ரயில் பாதையை ஒட்டிய முள்ளுக்காட்டுப் பாதையில் மில்லுக்குப் போனான். இதற்கு நேரான வழியைவிடக் கால்மணி நேரம் கூட ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனார்கள். கூச்சத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். பாஸ்டர் இம்மானுவேல் கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்க ஆரம்பித்தார். "நம்மை விட்டுக் கடந்து தூர தேசம் போன சகோதரன் சாலமோனையும் குடும்பத்தையும் அந்நிய மண்ணிலே காத்தருளும்" என்று உருகினார். முன்வரிசையில் ஒரு பெண்மணி மூக்கை உறிஞ்சினாள். ஜெனிபர் சிரிப்பை அடக்க முடியாமல் பைபிளால் முகத்தை மூடிக்கொண்டாள். ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்த பாஸ்டர், கடைசி வரிசையில் இவர்களைப் பார்த்ததும் ஆமென் சொல்ல மறந்துபோனார்.

சோறு பொங்கித் தின்னாமல் இருக்க முடியுமா? சாராள் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பொருள்களையே கடன் கேட்கப் போனாள். ஜானகியம்மாள் வீட்டு ஃப்ரிட்ஜில் பால் வைத்தாள். மறுநாள் அது திரிந்திருந்தது.

"உன் ஃப்ரிட்ஜ் மூடவே மாட்டேங்குதேம்மா. அடுத்த குடித்தனத்துக்கு உன் ஊட்டுல பெய்ண்ட் அடிக்க வரச் சொன்ன ஆளை வச்சி கயிறு கட்டிக்கீறேன்" என்றாள் ஜானகியம்மாள்.

"எங்க ஊட்டுல இருந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சி!" என்று சாராள் ஆச்சரியப்பட்டாள். முழங்கால் அவளையறியாமல் முன்னுக்கு வந்தது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டாள்.

கமர் நிஷா வீட்டில் மாவு அரைக்கப் போனபோது கமர் நிஷா ஒரு ஜோடி செருப்பை எடுத்துவந்து அவள் காலருகே போட்டாள்.

"போட்டுக்கோங்கக்கா. உங்க கிரைண்டரு ஷாக் அடிக்குது. நேத்து அவருக்கு அடிச்சி, நாஷ்டா தட்டோட போய் விழுந்தாரு."

"அடப் பாவமே. அண்ணனுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"அவருக்கு இன்னா ஆவும்? தட்டுதான் நசுங்கிப் போச்சி." கமர் நிஷா அவளையே பார்த்தாள். "ஆறு வருஷம் உங்க கிட்ட இருந்ததே, ஒரு நாளுகூட அடிக்கலியா?"

"எனக்கு அடிச்சதில்லம்மா" என்றாள் சாராள். அது பொய்யும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அரைக்க ஆரம்பித்தாள்.

ஜூன் ஐந்தாம் தேதி வந்தது. சாலமோன் மறுபடியும் செருப்பைக் கழற்றாமல் நின்றான். இன்னும் பதினைந்து நாள். இந்தத் தடவை சாராள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். ஜெனிபரின் டி.சி. தகரப் பெட்டிக்குள் இருந்தது. ஒன்பதாம் வகுப்பு போகவேண்டிய பெண், முதல் இரண்டு நாள் சந்தோஷத்தில் குதித்தாள். மூன்றாம் நாள் காலை ஜன்னல் ஓரமாக நின்று, யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடப் படித்தவள் ஒருத்தி கையை ஆட்டியதும் குனிந்துகொண்டாள். சாராள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பார்க்காதது மாதிரி ஸ்டவ்வைப் பற்றவைத்தாள்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை பதினோரு மணி இருக்கும். சாராள் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாகத் தெருக்குழாயிலிருந்து வந்துகொண்டிருந்தாள். வாசலில் ராஜமாணிக்கம் நின்றிருந்தான். மாற்றலான நான்கு பேரில் ஒருவன். கவரைப்பேட்டைக்காரன். மே மாதமே காந்திதாம் போய்விட்டவன், இப்போது குடும்பத்தை அழைத்துப்போக வந்திருந்தான். ஒரு கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், மறு கையில் சாத்துக்குடிப் பை.

அவளைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துப்போயிற்று. "அண்ணி! இன்னா அண்ணி இது! அசையவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாராமே! கீழ வைங்க, கீழ வைங்க!"

பதினைந்து வருஷம் ஒருவனோடு குடும்பம் நடத்தியவளுக்கு ஒரு நொடி போதும். புருஷன் ஏதோ பொய் சொல்லியிருக்கிறான் என்பது உடனே விளங்கிவிட்டது. என்ன பொய் என்பதுதான் தெரியவில்லை. இருந்தாலும் அவனை ஊரான் முன்னால் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. குடங்களை இறக்கிவைத்து, "அம்மா..." என்று முனகித் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"தலையும் வலிக்குதா?" என்று ராஜமாணிக்கம் பதறினான். "வயித்துலன்னுதானே சொன்னாரு."

கை வயிற்றுக்கு இறங்கியது. "வயித்துலேர்ந்து தலைக்கு ஏறுதுங்க."

"இடது பக்கம்னாரே அண்ணி."

கை இடது பக்கம் போயிற்று.

"கிட்னில கல்லுன்னா சும்மாவா? எங்க மாமாவுக்கு வந்து தரையில உருண்டாரு. உங்களுக்கு எவ்ளோ பெருசு?"

நோயின் பெயர் தெரிந்ததும் சாராளுக்கு நிம்மதியாக இருந்தது. "இலந்தைக் கொட்டை அளவுன்னாங்க" என்றாள்.

"மேனேஜர் கிட்ட புளியங்கொட்டைன்னு லெட்டர்ல எழுதிக் குடுத்துக்கீறாரு."

"அது போன மாசம். இப்ப கரைஞ்சிகினு வருது."

கைப்பிடிச்சுவருக்கு அந்தப் பக்கம் கமர் நிஷா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "யாருக்குக் கல்லு?" என்று எட்டிப் பார்த்தாள்.

"எனக்குத்தாம்மா" என்றாள் சாராள், பல்லைக் கடித்துக்கொண்டு. பார்க்கிறவர்களுக்கு அது வலி மாதிரியே தெரிந்தது.

ராஜமாணிக்கம் பாயில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னான். மேனேஜர் ரொம்ப நல்லவர். மனைவிக்கு இந்த நிலையில் பயணம் முடியாது என்று சாலமோன் லெட்டர் மேல் லெட்டர் கொடுத்ததும், குணமாகிற வரைக்கும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். மற்ற மூன்று பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். "உங்களுக்குன்னு ஒரு குவாட்டர்ஸ் பூட்டியே கெடக்குது அண்ணி. ரெண்டு ரூமு, பால்கனி. இஸ்கூலு எதிர்லயே. சமையக்கட்டுலயே கொழாய்."

"இன்னாது?"

"கொழாய். தொறந்தா தண்ணி வரும். காலையிலயும் வரும், சாயங்காலமும் வரும்."

சாராள் வாசலில் இருந்த இரண்டு குடங்களையும் பார்த்தாள். அப்போது இடுப்பில் உண்மையாகவே ஒரு வலி எடுத்தது.

ராஜமாணிக்கம் போன அரைமணி நேரத்துக்குள் தெரு முழுக்க சாராளுக்குக் கல் வந்துவிட்டது. ஜானகியம்மாள் முழ நீளத்துக்கு ஒரு வாழைத்தண்டோடு வந்தாள். சாறு பிழிந்து குடிக்கச் சொன்னாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துலயே ஒரு ரூம் எடுத்துத் தங்கிட்டா நல்லதில்ல? இங்க நாளைக்குப் பெய்ண்டு நாத்தம் வேற வரும், உன் ஒடம்புக்கு ஆவாது" என்றாள். சாராள் சாற்றைக் குடித்தாள். உள்ளே வேறு ஒன்று கசந்துகொண்டிருந்ததால் அதன் துவர்ப்பு தெரியவில்லை.

சாலமோன் இரண்டரை மணிக்கு வந்தான். சாராள் கழுத்துவரை போர்த்திக்கொண்டு பாயில் படுத்திருந்தாள்.

"இன்னாம்மே, இந்த நேரத்துல படுத்துக்கீற?"

"வலிக்குதுங்க. இடது பக்கம். கமர் நிஷா கூட்டிகினு போய் டாக்டர் கிட்ட காட்டினா. கல்லாம்."

சாலமோன் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "கல்லா?"

"புளியங்கொட்டை அளவுன்னாரு."

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "சரியா அளந்து சொன்னாரா?" என்று மட்டும் கேட்டான். பிறகு எழுந்து போய் இரண்டு குடம் தண்ணீர் பிடித்துவந்தான். சோறு வைக்கிறேன் என்று அரிசியைக் களைந்து ஸ்டவ்வில் ஏற்றி, தண்ணீர் ஊற்ற மறந்து, வாசனை வந்த பிறகு ஊற்றினான். ஜெனிபர் மூலையில் உட்கார்ந்து அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குக் காலையிலேயே எல்லாம் தெரியும். சிரிக்காமல் இருப்பதற்கு அவள் படித்த எட்டு வகுப்பில் எதுவும் உதவவில்லை.

கடைசியில் சாலமோன் பாயின் பக்கத்தில் முழங்கால் போட்டான். கண்ணை மூடிக்கொண்டான். மில் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல் அது. மெதுவாகப் பேசத் தெரியாது.

"ஆண்டவரே, நான் பாவி. கல்லு இல்லாத எடத்துல கல்லுன்னு சொன்னேன். நீர் மெய்யாவே வச்சிட்டீரு. வைக்கிறதா இருந்தா எனக்கு வச்சிருக்கணும். அவ இன்னா பண்ணா? எனக்கு அந்த ஊருக்குப் போவ பயம் ஆண்டவரே. பத்து நாளு ஊமை மாதிரி கெடந்தேன். இங்க நான் சத்தம் போட்டா மிசினு நிக்கும். அங்க சத்தம் போட்டா டீ கொண்டாந்து குடுக்கறானுங்க. தயிரு வாங்கப் போனேன். பேரு தெரியல. வெள்ளையா இருக்கும், கொழகொழன்னு இருக்கும்னு கையாலயே காட்டினேன். சுண்ணாம்பு குடுத்தான் ஆண்டவரே. சோத்துல பெசஞ்சி ஒரு வாய் வச்சப்புறம்தான் தெரிஞ்சிது..."

போர்வைக்குள் சாராள் குலுங்கினாள். வலி முற்றிவிட்டது என்று நினைத்த சாலமோன் இன்னும் சத்தமாக ஜெபித்தான். கைப்பிடிச்சுவருக்கு மேல் கமர் நிஷாவின் தலை எழும்பியது. ஜெனிபர் கொல்லைப்பக்கம் ஓடிவிட்டாள். இதற்கு மேல் முடியாது என்று ஆனதும் சாராள் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் வழிய, "வாய் வெந்துச்சா?" என்று கேட்டாள்.

சாலமோன் கண்ணைத் திறந்தான்.

"ராஜமாணிக்கம் வந்துட்டுப் போனாரு" என்றாள் அவள். "ஹார்லிக்ஸ் குடுத்துட்டுப் போனாரு. எனக்கு எங்க வலிக்குதுன்னு அவருதான் எனக்குச் சொன்னாரு."

சாலமோன் முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தான். கோபப்படலாமா என்று யோசித்துப் பார்த்தான், அதற்கு முகாந்திரம் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "எல்லாரும் சிரிப்பாங்களேன்னுதான்..." என்றான்.

"இப்ப மட்டும் ஊரு அழுதுகினா கீது?" சாராளின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. "என் கட்டிலை எதிர்ஊட்டுக்காரன் போட்டுத் தூங்குறான். என் கிரைண்டருக்கு நான் போய்க் கெஞ்சிகினு நிக்கிறேன். அதெல்லாம்கூட போவட்டும். பொண்ணு படிப்பு பத்து நாளா பொட்டிக்குள்ள கெடக்குது. அங்க இஸ்கூலு எதிர்லயாம், கொழாய் ஊட்டுக்குள்ளயாம். நீங்க ஒரு டம்ளரு தயிருக்குப் பயந்துகினு என்னை இங்க குடம் தூக்க வச்சிருக்கீங்க."

"பாஷை தெரியாத ஊருல..."

"எனக்கு மட்டும் தெரியுமா? நான் கேட்டுக்கிறேன் தயிரு. கடைக்காரனை ஓரமா ஒக்கார வச்சிட்டு நானே உள்ள போய் எடுத்துக்கிறேன். நாளைக்குப் போயி கல்லு விழுந்துடுச்சின்னு சொல்லுங்க."

"அவ்ளோ சீக்கிரம் விழுமா? மேனேஜர் நம்பணுமே."

"வாழைத்தண்டுல விழுந்துச்சின்னு சொல்லுங்க. ஜானகியம்மா சாட்சி."

சாலமோன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. மறுநாள் காலை ரயில் பாதையோரம் தேடி, புளியங்கொட்டை அளவில் வழவழப்பாக ஒரு கல்லைப் பொறுக்கி, காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். நல்ல செய்தியைச் சொல்லிவிட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கப் போனதும், காலை டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேனேஜர் இரண்டு கையாலும் தடுத்து, "வேணாம், வேணாம், நம்பறேன், உடனே டிக்கெட் போடச் சொல்றேன்" என்றாராம்.

அடுத்த புதன்கிழமை விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு மூன்று தகரப் பெட்டி, நான்கு மூட்டையோடு குடும்பம் வாசலில் இறங்கியது. சென்னைக்கு யூனிட் வண்டியில், அதாவது லோக்கல் ரயிலில் போய், சென்ட்ரலில் அகமதாபாத் வண்டியைப் பிடிக்கவேண்டும். தெருவில் யாருமில்லை. மூன்று தடவை வழியனுப்பிய ஜனங்கள் நான்காம் தடவை தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை. ஜானகியம்மாள் மட்டும் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"செக்கப்புக்கா?" என்றாள்.

"இல்லம்மா. காந்திதாம் போறோம்."

"சரி சரி" என்றாள் ஜானகியம்மாள், வாளியைச் சாய்த்தபடி. "சாய்ங்காலம் வரும்போது டேசனாண்ட ஒரு கட்டு கீரை வாங்கிகினு வா. காசு அப்புறம் தர்றேன்."

சாராள் சரி என்று தலையாட்டினாள். வீட்டுச் சாவியை அவள் கையில் வைத்தாள். ஜானகியம்மாள் அதை இடுப்பில் சொருகிக்கொண்டாள். சாவியைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மூன்று பெட்டி எதற்கு எடுத்துப் போகிறார்கள் என்று அவள் யோசிக்கவில்லை.

கமர் நிஷா கொட்டாவி விட்டுக்கொண்டே வெளியே வந்து ஒரு தூக்குவாளியை நீட்டினாள். "பழவேற்காட்டு எறா. தொக்கு பண்ணிக்கீறேன். நீங்க போனாலும் துன்னலாம், போவாம திரும்பி வந்தாலும் துன்னலாம்."

"போறோம்மா, மெய்யாலுமே போறோம்."

"போனா போன் பண்ணுங்கக்கா, நம்புறேன்" என்றாள் கமர் நிஷா. ஆனாலும் ரெட்டம்பேடு சாலை முனை வரைக்கும் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். முனையில் அதை இறக்கிவைத்தபோது சாராள் அவள் காதில், "பீரோ வாங்கினாங்களே எதிர்ஊட்டுக்காரங்க, அவங்க கிட்ட சொல்லு. சாவி திருப்புறப்ப கைப்பிடியைத் தூக்கிப் பிடிக்கணும்" என்றாள்.

கமர் நிஷா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இதையாவது சொன்னீங்களே" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் ரோட்டில் நின்று சிரித்தார்கள். கொஞ்சம் அழுதார்கள் என்றும் சொல்லலாம், இருட்டு முழுதாகப் பிரியாததால் நிச்சயமாகத் தெரியவில்லை.

சென்ட்ரலில் ஒன்பதரைக்கு வண்டி கிளம்பியது. வந்த வழியே திரும்பி வடக்கே ஓடியது. இதில்தான் சாலமோனுக்கு ஒரு அவமானம் மிச்சமிருந்தது. அதிகாலையில் இரண்டு மணி நேரம் நின்று நின்று தெற்கே வந்த தூரத்தை, வண்டி முக்கால்மணி நேரத்தில் மீண்டும் கடந்தது. பொன்னேரி போயிற்று, கவரைப்பேட்டை போயிற்று. கும்மிடிப்பூண்டியில் அது நிற்காது. பிளாட்பாரத்தில் யூனிட் வண்டிக்குக் காத்திருந்த கூட்டத்தில் பாஸ்டர் இம்மானுவேல் குடையோடு நின்றிருந்தார். ஜெனிபர் ஜன்னல் கம்பியில் முகத்தை ஒட்டிக்கொண்டு "பாஸ்டர்! பாஸ்டர்!" என்று கத்தினாள். அவர் நிமிர்ந்து, வேகமாக ஓடுகிற ஜன்னலில் அந்த மூன்று முகங்களையும் பார்த்தார். ஆசீர்வாதம் பண்ணக் கை பாதி எழும்பியது. இவர்களுக்கு எத்தனை தடவை பண்ணுவது என்று தோன்றியதோ என்னவோ, அந்தக் கையாலேயே குடையைச் சரிசெய்துகொண்டார்.

மில்லின் புகைபோக்கி தெரிந்தது, மறைந்தது. வண்டிக்குள் எதிர் சீட்டில் ஒரு குஜராத்திக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. அந்தக் குடும்பத்து அம்மாள் இவர்களைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டாள். சாலமோன் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சாராள் அவள் கேட்டது என்னவென்று யோசிக்கவே இல்லை. "ஆமாங்க, காந்திதாம்தான். பொண்ணு ஒன்பதாவது. இவரு கம்பி மில்லு" என்று தமிழிலேயே சாவகாசமாகப் பதில் சொன்னாள். அந்த அம்மாள் எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டி, நகர்ந்து இடம் விட்டாள். பத்து நிமிஷத்தில் இரண்டு பேரும் ஒருத்தி மருமகளைப் பற்றியும் ஒருத்தி வீட்டுக்காரியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் எதைப் பற்றிப் பேசினார்கள் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

ஆரம்பாக்கம் தாண்டி தடா வருவதற்குள் ஜெனிபர் பசிக்கிறது என்றாள். இரண்டு நாளைக்கென்று கட்டிய புளிசாதத்தையும், கமர் நிஷாவின் தூக்குவாளியையும் சாராள் சீட்டின்மேல் பரப்பினாள். குஜராத்திக் குடும்பம் எறாவைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு நான்கு சீட் தள்ளிப் போய்விட்டது. இடம் தாராளமாயிற்று. சாலமோன் காலை நீட்டிக்கொண்டான். நெல்லூர் வருமுன்பே புளிசாதம் முழுவதும் தீர்ந்துவிட்டது, தொக்கை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்கள்.